வலது பக்கத்துக் கார்புரேட்டர்

"கார்புரேட்டர் இன்னா உன் ஜாமெட்ரி பாக்ஸாமா? தொறந்து பாத்துட்டு மூடி பைல போட்டுக்கறதுக்கு?"

எங்கள் ஒர்க் ஷாப்பின் ஹெட் மெக்கானிக் இப்படிக் கேட்டபோது சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள். நால்வரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் என் பையில் அன்றைக்கு உண்மையாகவே ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது வாங்கியது. அதற்குள் காம்பஸுக்குப் பக்கத்தில் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடுகளையும் ஒரு சின்ன எஃகு ஸ்கேலையும் வைத்திருந்தேன்.

கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து கோவளம் போகிற சாலையில் இருந்தது அந்த இருசக்கர வண்டி ஒர்க் ஷாப். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. சுற்றிலும் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களுக்காக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுக்கு என் அப்பா செங்கல் தூக்கினார். அம்மா ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகள் துவைத்தாள். அதற்கு முன்பு இருவரும் திருவிடந்தைக்குப் பின்னால் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் மனையாகி, மனைக்கு நட்ட கல்லும் சாய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் பத்தாவது எழுதிய முதல் ஆள் நான். அதற்கு மேல் செங்கல்பட்டுக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் மெக்கானிக்கல் டிப்ளமாவும் முடித்தேன். முதல் வகுப்பு. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

வேலைக்கு எடுத்தபோது தாளில் 'சர்வீஸ் டிரெய்னி' என்று போட்டிருந்தது. உட்கார வைத்தது கவுண்டரில். வண்டி கொண்டு வருகிறவர் சொல்கிற குறையைக் கேட்டு ஜாப் கார்டு எழுதுவதும் போன் எடுப்பதும் என் வேலை. கார்டில் வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், குறை, கடைசியாக 'மெக்கானிக்' என்று ஒரு கட்டம். உள்ளே இருந்த ஐந்து பேரில் ஒருவருடைய பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிக் கார்டை ஜன்னல் வழியாக நீட்டுவேன். ஆறு மாதம் நீட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருந்தது, கணக்காகப் பேசினேன், அதுவே எனக்கு வினையாயிற்று. இவ்வளவு நன்றாகக் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை யார் உள்ளே விடுவார்கள்?

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் முதலாளியிடம் நேராகக் கேட்டேன். "சார், நான் எப்ப உள்ள வர்றது?"

அவர் ஹெட் மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு மூலையில் தார்ப்பாய் போர்த்தியிருந்த தன்னுடைய பழைய வண்டியைப் பார்த்தார். இரண்டு சிலிண்டர் வண்டி. நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் ஒரு கார்புரேட்டர்தான் இருக்கும், அதில் இரண்டு. கடற்கரையோரம் அவர் வீட்டு வாசலில் இரண்டு மழைக்காலம் நின்று உப்புக்காற்று குடித்துவிட்டு வந்திருந்தது. ஹெட் மெக்கானிக் இரண்டு தடவை கை வைத்துப் பார்த்து, "காலாவதி சார், இரும்புக் கடைக்குப் போட்ருங்க" என்று சொல்லிவிட்டிருந்தார்.

"விஜயதசமி சாயங்காலம் நாலு மணிக்கு நான் அத எடுத்துகினு மாமல்லபுரம் போயிட்டு வரணும்" என்றார் முதலாளி. "ஓடறது பெரிசில்ல, ஐட்லிங் நிக்கணும். நிறுத்துன எடத்துல ஆஃப் ஆவக்கூடாது. நின்னுச்சுனா நீ உள்ள வா. நிக்கலைனா கவுண்டர்லயே குந்து, அப்பறம் இந்தப் பேச்ச எடுக்கக்கூடாது. சரியா?"

"சரி சார்" என்றேன். அப்போதுதான் ஹெட் மெக்கானிக் ஜாமெட்ரி பாக்ஸைப் பற்றிக் கேட்டார்.

"உள்ள பெஞ்சு காலி இல்லமா, டிப்ளமா" என்றும் சொன்னார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பூஜைக்கு முன்னால் ஊரிலுள்ள வண்டியெல்லாம் கழுவ வந்து நிற்கும் என்பதால் அதில் பொய் இல்லை. "வூட்டுக்கு எட்த்துகினு போ. அம்மா பாத்தா சந்தோசப்படும்."

எடுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை மாலை இரண்டு கார்புரேட்டரையும் கழற்றித் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மீன்காரம்மா இரண்டு நிறுத்தத்துக்கு மூக்கைச் சுளித்துவிட்டு, "இன்னாமா அது, என் கூடையே தேவலாம்" என்றாள்.

வண்டியோடு ஒரு சர்வீஸ் புத்தகத்தின் ஜெராக்ஸும் இருந்தது. ஆங்கிலம். ஒர்க் ஷாப்பில் அதை யாரும் பிரித்ததில்லை; நான் அகராதி வைத்துக்கொண்டு கார்புரேட்டர் அத்தியாயத்தை மூன்று தடவை படித்திருந்தேன். ஞாயிறு முழுக்க அதன்படி வேலை செய்தேன். அலுமினிய உடம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கீழேயுள்ள கிண்ணத்தில், எப்போதோ நின்ற பெட்ரோல் காய்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டி, தேய்த்து, கழுவினேன். பெட்ரோல் கசியாமல் இணைப்பில் வைக்கிற கேஸ்கெட் தாளைக் கார்புரேட்டரின் விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புது கேஸ்கெட் வெட்டினேன். பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டுமென்று புத்தகம் மில்லிமீட்டரில் சொன்னது. ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்து வைத்தேன்.

மிச்சம் இருந்தவை பித்தளைச் சாமான்கள். அவற்றில் முக்கியம் ஜெட்டுகள். ஜெட் என்பது நடுவில் துளை போட்ட சின்னத் திருகு. அந்தத் துளை வழியாகத்தான் பெட்ரோல் போகும். வேகமாக ஓடும்போது பெரிய துளையுள்ள மெயின் ஜெட். வண்டி நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும்போது பைலட் ஜெட். பைலட் ஜெட்டின் துளை தலைமுடி அளவுதான். எங்கள் முதலாளி கேட்ட ஐட்லிங் முழுவதும் அந்தத் துளையில் இருந்தது. இரண்டு பக்கத்துச் சாமான்களும் கலந்துவிடாமல் இரண்டு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, நகப்பூச்சால் 'இ', 'வ' என்று எழுதி, பெட்ரோல் ஊற்றி ஊற வைத்தேன்.

திங்கள்கிழமை ஆயுத பூஜை. காலையில் பொரியும் கடலையும் வாங்கக் கோயில் பக்கத்துக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் காமாட்சி விளக்கு, ஒரு பக்கம் பித்தளைச் செம்பு. கையில் தேங்காய் நாரும் புளியும். முன்னால் 'வ' என்று எழுதின கிண்ணம். அதில் இருந்த அத்தனை சாமானும் விளக்கி முடிந்து, தாம்பாளத்தில் மூக்குத்தி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. அடுத்து 'இ' கிண்ணத்துக்குக் கை போனது.

"கை வெக்காதனு சொன்னனா இல்லியா?" என்று கத்தினேன். "இது இன்னானு தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்றாள். "பித்தள. பாசி புடிச்சிகினு கெடக்குது. சாமி முன்னாடி அப்டியேவா வெப்பாங்க?"

"ஒண்ணும் தெரியாம ஏம்மா எல்லாத்துலயும் கைய வுடற?"

அவள் கையில் இருந்த நாரைக் கீழே போட்டாள். தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னுடைய ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர், விளக்காத 'இ' கிண்ணம், விளக்கின 'வ' பக்கத்துச் சாமான்கள் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த இடத்தில் கருக்கரிவாளும் மண்வெட்டியும் இருக்கும். பிறகு என் புத்தகங்கள் வந்தன. அம்மாவின் கையால் ஸ்பேனர் பொட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

நான் சாமான்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. எடுக்கப் போனேன்.

"இன்னிக்கி தொடக்கூடாது" என்றாள், என்னைப் பார்க்காமல். "பூஜைல வெச்சாச்சி. நாளிக்கி காலைல எட்த்துக்க."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். ஆயுதம் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். ஹெட் மெக்கானிக்கே அன்றைக்கு ஒரு நட்டைத் திருக மாட்டார். நானும் தொடவில்லை.

செவ்வாய் விடிந்ததும் அம்மா கற்பூரம் காட்டினாள், நான் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டேன். முதலில் 'இ'. பச்சைப் பாசியைப் பெட்ரோலில் கழுவி, பல் துலக்குகிற பிரஷ்ஷிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கித் துளைக்குள் விட்டு எடுத்து, ஒவ்வொரு ஜெட்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. அடுத்து 'வ'. சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்தேன். அடியில் தங்கம் மாதிரி பளபளத்தது. என் பெட்ரோலால் அப்படி ஒரு பளபளப்பு வந்ததே இல்லை. எட்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லாவற்றையும் கார்புரேட்டரில் மாட்டினேன்.

ஒர்க் ஷாப் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. தரையெல்லாம் நசுங்கின எலுமிச்சம்பழம். பத்தரை மணிக்கு இரண்டு கார்புரேட்டரையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இரண்டின் உள்ளேயும் உள்ள குழல்கள் ஒரே நேரத்தில் மேலே ஏற வேண்டும். ஒன்று முந்தினால் வண்டி நொண்டும். இரண்டு வாயிலும் ஒவ்வொரு விரலை விட்டுக்கொண்டு, இன்னொரு கையால் திருகித் திருகி, இரண்டும் சேர்ந்து விரலைவிட்டு எழும்பும்வரை கேபிளைச் சரிசெய்தேன். கிக்கரை மிதித்தேன். நான்காவது மிதிக்கு எழுந்தது.

எழுந்தது, ஆனால் பாதிதான். ஹெட் மெக்கானிக் டீ கிளாஸோடு வந்து காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒரு பக்கம் தான் பேசுது, டிப்ளமா."

இரண்டு சைலன்ஸர் குழாயிலும் தண்ணீர் தெளித்தேன். இடது பக்கம் சொய்யென்று ஆவியானது. வலது பக்கம் தண்ணீர் அப்படியே வழிந்து சொட்டியது. ஆக்ஸிலேட்டரை நிறையத் திருகினால் வலதும் சேர்ந்துகொண்டது, விட்டால் செத்துப்போனது. சற்று நேரத்தில் மொத்த வண்டியும் நின்றது.

"பாயிண்ட்டுமா அது. கார்புரேட்டர நீ சரியாதான் பண்ணிகீற போல" என்றார் அவர். அவர் அவ்வளவு தாராளமாகப் பேசி நான் கேட்டதில்லை. இன்ஜின் ஓரத்து மூடியைத் திறந்து, பிளக்குக்குப் பொறி அனுப்புகிற வலது பக்க பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் தேய்த்தார். வலது குழாய் குளிர்ந்தே இருந்தது. மணி பன்னிரண்டாகப் போனது. முதலாளி நான்கு மணிக்கு வருவார்.

"அண்ணா, கொஞ்சம் நகருங்க" என்றேன்.

பாலிடெக்னிக்கில் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ஒரே மாதிரி இரண்டு இருந்தால் இடம் மாற்றிப் பார், குறை எதனோடு போகிறது என்று தெரியும். முதலில் பிளக்குகளை இடம் மாற்றினேன். அப்போதும் வலதுதான் செத்திருந்தது. அப்படியானால் பிளக் இல்லை. அடுத்து இரண்டு பைலட் ஜெட்டையும் கழற்றி இடம் மாற்றினேன். கிக்கரை மிதித்துத் தண்ணீர் தெளித்தேன். வலது குழாய் சொய்யென்றது. இடது குழாயில் தண்ணீர் வழிந்தது.

"அட" என்றார் ஹெட் மெக்கானிக்.

அந்த ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். வெளியே பொன். உள்ளே இருட்டு. வீட்டில் இந்தப் பக்கத்து ஜெட்டை மட்டும் நான் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கவில்லை. பளபளப்பைப் பார்த்ததோடு சரி.

கம்ப்ரஸர் காற்றை அடித்தேன், போகவில்லை. பெட்ரோலில் முக்கி முக்கி அடித்தேன், அசையவில்லை. பிரஷ் மயிரை விட்டால் வளைந்து திரும்பியது. ஹெட் மெக்கானிக் கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு கம்பி இழையைப் பிரித்து நீட்டினார்.

"குத்து."

"துளை பெரிசாயிடும்ணா. அப்பறம் எவ்ளோ டியூன் பண்ணாலும் நிக்காது. புக்குல போட்ருக்காங்க."

"நான் இருவது வருசமா குத்திகினு தான் கீறேன்."

"தெரியும்ணா. நீங்க குத்தின வண்டிங்கள்லாம் திரும்பி வர்றப்ப நான்தான கார்டு எழுதறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆனால் இழையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜெட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். பழுப்பாக ஒரு துணுக்கு வந்தது. பெட்ரோல் கசடு கறுப்பாக இருக்கும், உப்பு வெள்ளையாக இருக்கும். இது இரண்டும் இல்லை. யோசித்துப் பார்த்து, வெட்கத்தைவிட்டு, ஜெட்டை நாக்கில் வைத்தேன்.

"ஏய், இன்னா பண்ற? பேஜாரா கீது இந்தப் பொண்ணோட."

பெட்ரோல் நாற்றத்துக்கு அடியில் புளித்தது.

புளிச்சாந்து துளைக்குள் ஏறி, பூஜையில் ஒரு நாள் ஒரு இரவு கிடந்து காய்ந்து இறுகியிருந்தது. உலகத்தில் எந்த சர்வீஸ் புத்தகத்திலும் இதற்கு அத்தியாயம் இருக்காது. பெட்ரோலில் எத்தனை மணி நேரம் போட்டாலும் புளி கரையாது. அது எதில் கரையும் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் ரசத்துக்கு ஊறப்போடுகிறவள் நான்.

பக்கத்து டீக்கடைக்கு ஓடினேன். "அண்ணே, ஒரு கிளாஸ் சுடுதண்ணி, நல்லா கொதிக்கறது."

மாஸ்டர் கிளாஸை நிரப்பிக் கொடுத்தார். நான் அதற்குள் ஜெட்டைப் போட்டதைப் பார்த்துவிட்டு, "சக்கர போடட்டாமா?" என்றார்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். தண்ணீர் ஆற ஆற மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது கிளாஸில் பிரஷ் மயிர் உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்தது. நுனியில் மெல்லிய நார் ஒன்று ஒட்டியிருந்தது. ஜெட்டைத் தூக்கிப் பிடித்தேன். கேளம்பாக்கம் சந்திப்பின் வெயில் ஒரு குண்டூசி முனையளவுக்கு அதற்குள் தெரிந்தது.

மெயின் ஜெட்டையும் சந்தேகத்துக்குச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தேன். காற்றடித்து, ஈரம் போக உலர்த்தி, பூட்டி, ஐட்லிங்குக்குக் காற்றை அளந்து விடுகிற திருகை முழுக்க உள்ளே இறக்கி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். இரண்டு மணிக்கு மிதித்தேன். இரண்டாவது மிதியில் எழுந்தது. இரண்டு குழாயிலும் தண்ணீர் சொய்யென்று துள்ளியது. கையை எடுத்தேன். வண்டி தன்பாட்டுக்கு நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"உள்ள புளி எப்டிமா போச்சி?" என்று ஹெட் மெக்கானிக் கேட்டார்.

அம்மாவைச் சொல்லியிருக்கலாம். "நான்தாண்ணா பாக்காம மாட்டிட்டேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

முதலாளி நான்கு மணிக்கு வந்தார். ஏறினார், போனார். மாமல்லபுரம் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரமும் தாண்டியது. கவுண்டரில் உட்கார்ந்து போன் எடுத்தேன். ஒருவர் தன் வண்டிக்கு இன்ஜின் ஆயில் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நான் கிளட்ச் பிளேட்டின் விலையைச் சொன்னேன்.

சத்தம் முதலில் வந்தது. வளைவில் இரண்டு பக்கமும் சேர்ந்து பேசிக்கொண்டே வந்தது. முதலாளி வாசலில் நிறுத்தி, சாவியைத் தொடாமல் ஸ்டாண்ட் போட்டார். வண்டியை அப்படியே ஓடவிட்டுவிட்டு டீக்கடைக்கு நடந்தார். ஒரு டீ சொன்னார். அது வரும்வரை நின்றார். வந்ததை ஊதி ஊதிக் குடித்தார். ஒர்க் ஷாப்பில் ஒருத்தரும் ஸ்பேனரைத் தொடவில்லை; எல்லோரும் அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் கிளாஸை வைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

"டீ முழுசா குடிச்சேன்" என்றார் ஹெட் மெக்கானிக்கிடம். பிறகு என்னிடம், "நாளைக்கி கவுண்டர்ல யார ஒக்கார வெக்கிறதுனு பாக்கணும்" என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு விஷயத்தை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கடைசிக்கு வைத்திருந்தேன். "உன் புளி துளைல அடச்சிகிச்சிமா."

அம்மா ஊறவைத்த அரிசியை அலசிக்கொண்டிருந்தாள். "அடச்சிக்காதா? வெளக்கினா சுடுதண்ணில அலசணும். அடுப்புல தண்ணி போட்டுட்டு தான் ஒக்காந்தேன். நீ வந்து கத்தின. அப்டியே எட்த்து வெச்சிட்டேன்."

நான் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன்.

"தெரியாதவதான் நானு" என்றாள். "அலச தெரியும்."

"தப்புதாம்மா" என்றேன்.

"சர்தான், அந்தப் பெரிய விளக்க எடு. நேத்து அத வெளக்காமயே வுட்டுட்டேன்." விளக்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவள் பின்னாலேயே ஒரு சட்டி சுடுதண்ணீரோடு வந்து, நான் எப்படி அலசுகிறேன் என்று கடைசிவரை நின்று பார்த்தாள்.

மறுநாள் நான் சீக்கிரமே போய்விட்டேன். ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஆளாக அடுக்குமாடியிலிருந்து ஒருவர் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓடும்போது சரியாக இருக்கிறது, நிறுத்தினால் அணைந்துவிடுகிறது என்றார். கவுண்டரில் வேறு யாரும் இல்லை. நானே ஜாப் கார்டு எழுதினேன். வண்டி எண், கிலோமீட்டர், குறை. கடைசிக் கட்டத்தில் என் பெயரை எழுதி, கார்டை ஜன்னல் வழியாக நீட்டாமல் நானே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஹெட் மெக்கானிக் வந்து சட்டையை மாற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வருவதற்குள், அந்த ஸ்கூட்டரின் பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன்.